புற்றுநோய் கதிர்வீச்சுப் பிரிவில் பிசிசிஸ்ட் ஆவது எப்படி: எம்.எஸ்சி. முதல் ஆர்எஸ்ஓ சான்று வரை, பிறகு புரோட்டான்

எம்.எஸ்சி. முடித்த நாளிலிருந்து ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்) சான்று கைக்கு வர எனக்கு இரண்டேகால் ஆண்டு ஆனது. ஒன்றரை ஆண்டில் முடிந்திருக்க வேண்டியது. அந்தத் தாமதத்தில் ஏழு மாதம் ஒரே ஒரு தாளால் போனது. அந்தத் தாளைப் பற்றி ஆறாவது பகுதியில் சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருப்பவர்கள், எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், படித்து முடித்துப் பயிற்சிக்கு இடம் தேடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் இருப்பது இந்திய நடைமுறை.

1. எந்த வேலை என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கிறார்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் என்று முடிவு செய்பவர் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். நோயாளியை மேசையில் படுக்கவைத்து, சரியான நிலையில் பொருத்தி, கருவியை இயக்குபவர் டெக்னாலஜிஸ்ட். மருத்துவர் 30 நாளில் 60 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) என்று எழுதினால், தினம் போகும் 2 கிரே உண்மையிலேயே 2 கிரேதானா, கட்டியில் விழுகிறதா, பக்கத்தில் இருக்கும் தண்டுவடம் தப்பிக்கிறதா என்பதற்குப் பொறுப்பேற்பவர் பிசிசிஸ்ட். கணினியில் பிளான் போடுவது, லினாக் எனும் கதிர் பாய்ச்சும் கருவியை அளந்து சரிபார்ப்பது, பணியாளர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கதிர் வெளியே போகாமல் தடுக்கும் சுவர் கனத்தின் கணக்கு எல்லாம் நம் பக்கம் வரும்.

இங்கேதான் முதல் பொறி. பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி படித்தால் பிறகு பிசிசிஸ்ட் ஆகிவிடலாம் என்று சில தனியார் கல்லூரிகளில் சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். அது நல்ல படிப்பு, நல்ல வேலை. ஆனால் வேறு வேலை. பிசிசிஸ்ட் ஆவதற்கு இளநிலையில் இயற்பியல் முக்கியப் பாடமாக இருந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் யாராவது கேட்டால் இதை முதலில் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்து பயனில்லை.

2. வழிகள் இரண்டு

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏஇஆர்பி, பிசிசிஸ்ட்டுக்கான தகுதியை வகுத்திருக்கிறது. அதற்குள் வராத எந்தப் பட்டமும் இந்த வேலைக்கு உதவாது.

முதல் வழி: இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் அல்லது ரேடியேஷன் பிசிக்ஸ், அதன்பின் வசதிகள் கொண்ட கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதப் பயிற்சி. மொத்தம் 6 ஆண்டு.

இரண்டாம் வழி: சாதாரண எம்.எஸ்சி. இயற்பியல், அதற்கு மேல் ஓராண்டு டிப்ளமோ, அதற்கு மேல் அதே 12 மாதப் பயிற்சி. மொத்தம் 7 ஆண்டு. இந்த வழியில் பெயர்பெற்றது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரேடியாலஜிகல் பிசிக்ஸ் டிப்ளமோ. ஏற்கெனவே எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இப்போதுதான் இந்தத் துறை கண்ணில் பட்டது என்றால் கவலை வேண்டாம், இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. போட்டி கடுமை, இடம் குறைவு. எம்.எஸ்சி. மதிப்பெண் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் முதல் வழிக்கு அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சிஎம்சி ஆகிய இடங்களில் படிப்பு இருக்கிறது. வெளியே போகத் தயார் என்றால் மணிப்பால், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் போன்றவையும் உண்டு. வேறு எந்த இடமாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பை ஏஇஆர்பி ஏற்கிறதா என்று வாரியத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். கல்லூரி அலுவலகம் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

3. சேரும் முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியது

நான் கேட்காமல் சேர்ந்தேன். நீங்கள் கேளுங்கள்.

படிக்கும்போதே லினாக் இருக்கும் மருத்துவமனைக்கு எத்தனை வாரம் அனுப்புவீர்கள்? பயிற்சி ஆண்டுக்கு இடத்தை நீங்களே ஏற்பாடு செய்வீர்களா, நாங்கள் தேடிக்கொள்ள வேண்டுமா? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே பயிற்சியில் இருக்கிறார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். முடிந்தால் சீனியர் ஒருவரின் எண்ணை வாங்கி நேரடியாகப் பேசுங்கள். அந்த அரை மணி நேரப் பேச்சு கல்லூரியின் விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும்.

செலவைக் கணக்கிடும்போது இரண்டு ஆண்டுக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி ஆண்டையும் சேர்த்து மூன்று ஆண்டுக் கணக்காகப் போடுங்கள். சில மருத்துவமனைகள் உதவித்தொகை தருகின்றன, சில எதுவும் தருவதில்லை, சில நம்மிடமே பணம் கேட்கின்றன. நான் போன இடத்தில் உதவித்தொகை கிடையாது. அறை வாடகையில் என் பங்கு, சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் ஆனது. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வீட்டில் "படிப்புதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பணம்?" என்று கேட்ட அப்பாவுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. இதை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். கல்விக்கடன் எடுப்பவர்கள், தவணை எப்போது தொடங்கும் என்பதில் இந்தப் பயிற்சி ஆண்டையும் வைத்து வங்கியிடம் பேசுங்கள்.

4. இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

சின்ன விஷயம் போலத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றில் எஸ். முருகன், ஆதாரில் முருகன் செல்வம், பான் அட்டையில் முருகன் எஸ், பாஸ்போர்ட்டில் செல்வம் குடும்பப் பெயராக முன்னால். நம் ஊர்ப் பெயர் முறையில் இது எல்லார் வீட்டிலும் நடப்பது. ஆனால் பட்டச் சான்று, பயிற்சிச் சான்று, ஈ-லோரா (ஏஇஆர்பியின் இணையவழி உரிம அமைப்பு) பதிவு, ஆர்எஸ்ஓ சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் திரும்பி வரும். எம்.எஸ்சி. முதல் ஆண்டிலேயே பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பானையும் மாற்றிவிடுங்கள். கடைசி ஆண்டில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

5. பயிற்சி ஆண்டு: எல்லாம் இதில்தான் இருக்கிறது

எந்தக் கல்லூரியில் படித்தோம் என்பதைவிட எந்தப் பிரிவில் பயிற்சி எடுத்தோம் என்பதுதான் நம்மை உருவாக்குகிறது. வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது கேட்பதும் அதைத்தான்.

தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பாருங்கள். லினாக், சிடி சிமுலேட்டர் (பிளானுக்கான சிடி படம் எடுக்கும் கருவி), பிளானிங் கணினி, பிரேக்கிதெரபி (சோர்ஸ் எனும் கதிர்வீசும் பொருளைக் கட்டிக்குள்ளோ அருகிலோ வைத்துத் தரும் சிகிச்சை) ஆகிய நான்கும் அங்கே இருக்க வேண்டும். அளவீட்டுக்கான வாட்டர் பேன்டம் (உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டி), சேம்பர் (கதிரை உணரும் சிறு காற்றறை), எலக்ட்ரோமீட்டர் (அதில் சேரும் மின்னூட்டத்தை அளக்கும் கருவி) ஆகியவை பிரிவின் சொந்தப் பொருளாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து இரவல் வாங்கும் இடத்தில் நம் கைக்குக் கருவி வராது. எத்தனை மூத்த பிசிசிஸ்ட், எத்தனை பயிற்சியாளர் என்று கேளுங்கள். பெரிய பெயர் கொண்ட மருத்துவமனையில் ஏழெட்டுப் பேரில் ஒருவராகப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பதைவிட, ஒரு லினாக்கும் பொறுமையான ஒரு மூத்தவரும் இருக்கும் நடுத்தர இடம் நல்லது என்பது என் கருத்து.

சேர்ந்த பிறகு தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்பே போய்விடுங்கள். காலைச் சோதனை அப்போதுதான் நடக்கும். லேசர் கோடுகள் 2 மில்லிமீட்டருக்குள் பொருந்துகின்றனவா, கருவி தரும் டோஸ் 3 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மாதம் கூடவே நின்று பாருங்கள். அடுத்த மாதம் நீங்களே செய்து மூத்தவரிடம் காட்டுங்கள்.

வாட்டர் பேன்டம் அளவீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையால் பெரிய தவறு நடக்கப் பார்த்தது. தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் சேம்பரை வைத்து மின்னூட்டத்தை அளக்கிறோம். சேம்பருக்குள் இருப்பது காற்று. காற்றின் அடர்த்தி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறும், எனவே இரண்டுக்கும் திருத்தம் போட வேண்டும். அடிப்படை 20 டிகிரி, 1013 மில்லிபார். நான் இருந்தது கோவை. அழுத்தத்தைச் செல்போனின் வானிலைச் செயலியில் பார்த்து 1012 என்று எழுதினேன். டோஸ் கிட்டத்தட்ட 5 விழுக்காடு குறைவாக வந்தது. கருவி தளர்ந்துவிட்டது, உயர்த்த வேண்டும் போல என்று சொல்லிக்கொண்டு மூத்தவரிடம் தாளை நீட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டர் அருகே அழைத்துப் போனார். 966. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. செயலி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். என் கணக்கை நம்பிக் கருவியை உயர்த்தியிருந்தால் மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் 5 விழுக்காடு அதிக டோஸ் போயிருக்கும். நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும் அந்த அம்மாவுக்கும், தலையில் மாஸ்க் மாட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும் அந்தச் சிறுவனுக்கும்.

அதனால் அழுத்தம் அறையிலிருக்கும் பாரோமீட்டரில்தான். தண்ணீரையும் முந்தின நாள் மாலையே நிரப்பி வையுங்கள். வெப்பத்தில் 3 டிகிரி பிழை என்றால் டோஸில் 1 விழுக்காடு பிழை. ஊற்றிய உடனே அளந்தால் தண்ணீரின் வெப்பமும் அறையின் வெப்பமும் ஒத்துப்போகாது.

பிளான் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. ஐஎம்ஆர்டி (கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கட்டியின் வடிவத்துக்குப் பொருத்தும் முறை) பிளானை நோயாளிக்குக் கொடுக்கும் முன் கருவியில் ஓட்டி அளந்து, காமா ஒப்பீடு செய்வார்கள், அதாவது அளந்த டோஸும் பிளானின் டோஸும் ஒத்துப்போகின்றனவா என்று புள்ளி புள்ளியாகப் பார்ப்பார்கள். 3 விழுக்காடு, 2 மில்லிமீட்டர் வரம்பில் 95 விழுக்காடு புள்ளிகள் தேற வேண்டும் என்பது இப்போது பரவலாக உள்ள அளவு. தேறாதபோது வரம்பை 3 மில்லிமீட்டராகத் தளர்த்திப் பச்சை நிறம் வரவைப்பதைச் சில இடங்களில் பார்ப்பீர்கள். அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஏன் தேறவில்லை என்று தேடுங்கள்: பேன்டம் நகர்ந்திருக்கலாம், பிளான் அளவுக்கு மீறிச் சிக்கலாக இருக்கலாம், கதிருக்கு வடிவம் தரும் எம்எல்சி தகடு ஒன்று தாமதிக்கலாம்.

பிரேக்கிதெரபியில் சோர்ஸ் மாற்றும் நாளைத் தவறவிடாதீர்கள். இரிடியம்-192 சோர்ஸின் அரை ஆயுள் 74 நாள் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அன்று பழையதும் புதியதும் கணக்கில் வருகின்றன, ஏஇஆர்பி அனுமதித் தாள்கள் ஓடுகின்றன, புதிய சோர்ஸின் வலிமையை நாமே அளக்கிறோம். சோர்ஸ் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் யார் எங்கே ஓடுவது, நீண்ட இடுக்கியும் ஈயக் கலமும் எங்கே இருக்கின்றன என்ற ஒத்திகையையும் கேட்டுச் செய்து பாருங்கள்.

முதல் வாரத்திலேயே டிஎல்டி பேட்ஜ் (நாம் வாங்கும் கதிர்வீச்சைப் பதியும் அட்டை) கேட்டு வாங்குங்கள். மார்பு உயரத்தில் அணிய வேண்டும். சட்டையோடு கழற்றிச் சிகிச்சை அறையில் தொங்கவிட்டுப் போய்விட்டால் நீங்கள் வாங்காத டோஸ் உங்கள் பெயரில் ஏறும்; விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்பது நமக்கான வரம்பு. ஒழுங்காக நடக்கும் பிரிவில் நம் பதிவு அதற்குப் பல மடங்கு கீழே இருக்கும். பேட்ஜோடு தரப்படும் தனி எண்ணைக் குறித்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். புதிதாக இன்னொரு எண் வாங்கிவிட்டால் உங்கள் டோஸ் வரலாறு இரண்டாக உடைந்துவிடும்.

6. என் ஏழு மாதத்தை விழுங்கிய தாள்

பயிற்சி முடிந்த அன்று எனக்குக் கொடுத்த சான்றில் "ஓராண்டு பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டு வரி இருந்தது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி எதுவும் இல்லை. நான் கவனிக்கவில்லை. ஆர்எஸ்ஓ தேர்வு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தில் தேதி கேட்டார்கள், சான்றில் அதே தேதி இருக்க வேண்டும். திரும்பிப் போனால் கையெழுத்திட்ட துறைத்தலைவர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர், "எனக்கு உங்களைத் தெரியாதே" என்றார். அது அவர் தவறில்லை. நிர்வாக அலுவலகம், மனிதவளப் பிரிவு, மருத்துவக் கண்காணிப்பாளர் என்று மூன்று வாரம் அலைந்து புதுச் சான்று வாங்கியபோது கடைசி நாள் கடந்திருந்தது. அடுத்த தேர்வு வரை காத்திருந்தேன்.

சான்றில் இவை இருக்கட்டும்: மருத்துவமனையின் கடிதத்தாள், உங்கள் முழுப்பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி, நாள் மாதம் ஆண்டோடு தொடக்கமும் முடிவும், 12 மாதத்துக்கு ஒரு நாளும் குறையாமல், நீங்கள் பணிபுரிந்த கருவிகளின் பெயர், துறைத்தலைவரும் ஆர்எஸ்ஓவும் இட்ட கையெழுத்து, முத்திரை, வெளியிட்ட தேதி. அசல் மூன்று பிரதி கேளுங்கள். முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வரைவைத் தட்டச்சு செய்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுக்கும் வேலை எளிது.

இன்னொன்று, பயிற்சியை எம்.எஸ்சி. கடைசித் தேர்வு முடிந்த பிறகு தொடங்கிய தேதியாகவே வையுங்கள். நான்காம் பருவத் திட்டப்பணியையும் சேர்த்து 12 மாதம் என்று கணக்குக் காட்டினால் கேள்வி வரும்.

கூடவே பதிவேடு ஒன்று எழுதுங்கள். தேதி, செய்த வேலை, எத்தனை பிளான், எந்த உறுப்பு, யார் மேற்பார்வை. நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் அதில் வரக் கூடாது. மாதக் கடைசியில் மூத்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் யாருக்கும் நினைவிருக்காது.

7. ஆர்எஸ்ஓ தேர்வும் ஈ-லோராவும்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், சுருக்கமாக ஆர்எஸ்ஓ, இல்லாமல் எந்தச் சிகிச்சைப் பிரிவுக்கும் இயக்க உரிமம் கிடையாது. அதனால் ஆர்எஸ்ஓ சான்று உள்ள பிசிசிஸ்ட்டைத்தான் மருத்துவமனைகள் முதலில் தேடுகின்றன. முதல் வழியில், அதாவது பல்கலைக்கழக எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் வழியில் வருபவர்கள் பயிற்சி முடித்து, பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும்.

அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் அதிக நாள் இருக்காது. தாள்கள் எல்லாம் ஸ்கேன் செய்து தயாராக இருக்கட்டும். படிக்க வேண்டியதில் 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான ஏஇஆர்பி விதித்தொகுப்பு, சுவர்க் கனக் கணக்கு, சோர்ஸ் போக்குவரத்து, அவசரநிலை நடவடிக்கை ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். சுவர்க் கணக்கை மனப்பாடம் செய்யாமல், நீங்கள் பயிற்சி எடுத்த அறையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு சுவருக்கும் போட்டுப் பாருங்கள். 6 எம்வி (மெகாவோல்ட்) கதிர் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் கான்கிரீட் வேண்டும். முதன்மைச் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்பது கணக்கு முடியும்போது புரிந்துவிடும்.

ஈ-லோரா என்பது ஏஇஆர்பியின் இணையவழி உரிம அமைப்பு. அதில் கதிர்வீச்சுத் தொழில்முறையாளராக நீங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலை கிடைத்ததும் மருத்துவமனை உங்களைத் தன் பட்டியலில் சேர்க்கும். ஆர்எஸ்ஓவாக நியமிக்க விண்ணப்பிப்பதும் மருத்துவமனைதான். சான்று இருப்பதாலேயே நீங்கள் ஆர்எஸ்ஓ ஆகிவிடுவதில்லை, அந்த இடத்துக்கான ஒப்புதல் வர வேண்டும். பதிவுக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையும் எண்ணையும் கொடுங்கள். மருத்துவமனை முகவரியைக் கொடுத்துவிட்டு வேலை மாறியவர்கள் கடவுச்சொல் மீட்க முடியாமல் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

8. முதல் வேலை: பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

சான்று வந்த சில நாளில் தொலைபேசி வரலாம். "தினம் வர வேண்டாம், உங்கள் பெயர் மட்டும் ஆர்எஸ்ஓவாக இருந்தால் போதும், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்பார்கள். வேண்டாம். அங்கே ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் அளக்காத கருவியில் நோயாளிகள் படுத்திருப்பார்கள்.

முதல் வேலையில் சம்பளத்தைவிட, அங்கே இன்னொரு பிசிசிஸ்ட் இருக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் அளந்ததை இன்னொருவர் தனியே அளந்து சரிபார்க்க ஆள் வேண்டும். வேலையை விடும்போது பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்து, ஈ-லோராவில் உங்கள் பெயர் விடுவிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய இடம் விடுவிக்காவிட்டால் புதிய இடத்தில் தடங்கல் வரும்.

9. புரோட்டான் பக்கம் போக

எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் சிகிச்சை இது. நம் மாணவர்கள் பலருக்கு இதில்தான் ஆசை. சென்னையில் அப்போலோ புரோட்டான் மையம் 2019இல் தொடங்கியது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் புரோட்டான் பிரிவு 2023 முதல் சிகிச்சை தருகிறது. நாடு முழுக்க இடங்கள் மிகக் குறைவு, எனவே படித்து முடித்ததும் நேராக அங்கே என்று திட்டம் போடாதீர்கள். லினாக் உள்ள இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஐஎம்ஆர்டி, ஸ்டீரியோடாக்டிக் (சிறு கட்டிக்கு மிகத் துல்லியமாக அதிக டோஸ் தருவது) வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பதே நடைமுறை.

அதற்குள் என்ன கற்கலாம்? எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டான் தன் ஆற்றலுக்கு ஏற்ற ஆழத்தில் நின்றுவிடும்: 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் தண்ணீரில் 4 சென்டிமீட்டர், 230 என்றால் ஏறத்தாழ 33. நிற்கும் இடத்தில்தான் அதிக டோஸ். எங்கே நிற்கும் என்பதை சிடி படத்திலிருந்து கணிக்கிறோம், அந்தக் கணிப்பில் 3.5 விழுக்காடு வரை பிழைக்கு இடம் விடுவது வழக்கம். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 7 மில்லிமீட்டர். மூக்குப் பக்கவறையில் சளி கட்டினாலோ, நோயாளி நாலு கிலோ இளைத்தாலோ கதிர் நிற்கும் இடம் நகர்ந்துவிடும். எனவே சிடி அளவுத்திருத்தம், ரோபஸ்ட் பிளானிங் (இப்படிப்பட்ட பிழைகளைத் தாங்கும்படி பிளான் போடுவது), சிகிச்சைக்கு நடுவே மறு சிடி எடுத்துப் பிளானை மாற்றுவது, மான்டே கார்லோ கணக்கீடு (துகள்களின் பாதையைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பின்பற்றி டோஸ் கணக்கிடுவது) ஆகியவற்றில் கை வைத்தவராகப் போனால் நேர்காணலில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். கொஞ்சம் பைதான் நிரல்மொழி தெரிந்தால் இன்னும் நல்லது.

10. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால்

அமெரிக்காவுக்கு இந்திய எம்.எஸ்சி. நேராகச் செல்லாது. அங்கே காம்பெப் (மெடிக்கல் பிசிக்ஸ் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பும், அதே அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சியும் இருந்தால்தான் அந்நாட்டு வாரியத்தின் தேர்வை முடிக்க முடியும். அந்தப் பாதை வேண்டும் என்பவர்கள் பி.எஸ்சி. முடித்த கையோடு முடிவு செய்ய வேண்டும். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஐசிடிபி என்ற சர்வதேச இயற்பியல் நிறுவனமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இரண்டு ஆண்டு மெடிக்கல் பிசிக்ஸ் மேற்படிப்பு வளரும் நாடுகளின் மாணவர்களுக்கானது, உதவித்தொகை இடங்களும் உண்டு. இரண்டாம் ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. நல்ல வாய்ப்பு, ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதே இல்லை.

வளைகுடா நாடுகளுக்கு அனுபவச் சான்றையும் பட்டத்தையும் மூல இடத்திலிருந்தே சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகம் மூடி முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலை, ஊரில் இருக்கும்போதே இரண்டு மூன்று உறையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் சான்றின் அசல் மூன்று பிரதி என்று மேலே சொன்னேனே, அதில் ஒன்று வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும்.